லண்டனில் யார் ஏழை? வாடகையைக் கழிப்பதற்கு முன்னும் பின்னும்

2018 பிப்ரவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதிகளைத் தலா உற்பத்திப்படி வரிசைப்படுத்திய பட்டியல் அது. 2016ஆம் ஆண்டுக் கணக்கு. ஒன்றியத்தின் சராசரியை 100 என்று வைத்தால், முதலிடம் பிடித்த 'உள் லண்டன் மேற்கு' பகுதிக்கு 611. கடைசியில் இருந்த பல்கேரியாவின் வடமேற்குப் பகுதிக்கு 29. அதே லண்டனில், பிரிட்டன் அரசின் சொந்தக் கணக்குப்படி, ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமையில் இருக்கிறார். குழந்தைகளை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இவ்வளவு பணக்கார ஊரில் இத்தனை ஏழைகளா என்று வியப்பது சுலபம். அதற்கு முன் இந்த இரண்டு எண்களும் எப்படிக் கிடைத்தன என்று பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 611. உற்பத்தியை அலுவலகம் இருக்கும் இடத்தில் எண்ணுகிறார்கள், தலையை ஆள் உறங்கும் இடத்தில் எண்ணுகிறார்கள். எஸ்ஸெக்ஸிலிருந்தும் கென்ட்டிலிருந்தும் காலை ரயிலில் வந்து, வங்கியில் வேலை பார்த்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பிப் போகிறவர் ஈட்டித் தரும் மதிப்பு உள் லண்டன் மேற்கில் சேர்கிறது. அவரோ வகுக்கும் எண்ணில் இல்லை. லண்டன் நகர மையம் பணக்கார இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆறு மடங்கு என்பதில் ஒரு பகுதி ரயில்வே அட்டவணையின் உபயம்.

அடுத்தது நான்கில் ஒருவர். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அதே அரசு, அதே ஆய்வு, அதே குடும்பங்கள். ஆனால் இன்னொரு எண்ணும் அதே வெளியீட்டில் இருக்கிறது. அதன்படி லண்டனின் வறுமை விகிதம் கிட்டத்தட்ட 15 சதவீதம். நாட்டின் சராசரியை ஒட்டியது, சில ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. ஒன்றின்படி லண்டன் இங்கிலாந்திலேயே மோசமான இடங்களில் ஒன்று. மற்றதன்படி சாதாரண ஊர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது வாடகை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பூத்தின் வண்ணங்கள்

லண்டன் வறுமையை முதன்முதலில் பெரிய அளவில் அளந்தவர் சார்லஸ் பூத். லிவர்பூல்காரர், கப்பல் கம்பெனி முதலாளி. 1886இல் தொடங்கிய வேலை 1903இல் 17 தொகுதிகளாக முடிந்தது. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி பற்றிய முதல் அறிக்கையை 1887இல் ராயல் புள்ளியியல் சங்கத்தில் வாசித்தார். பிற்காலத்தில் பியாட்ரிஸ் வெப் என்ற பெயரில் சமூக சீர்திருத்தவாதியாக அறியப்பட்ட பியாட்ரிஸ் பாட்டரும் அவருடைய குழுவில் இருந்தார்.

பூத் வீடு வீடாகப் போய்ச் சம்பளச் சீட்டுக் கேட்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பள்ளிக்கு அனுப்புவதற்காகவே பள்ளி வாரியம் வைத்திருந்த ஊழியர்களை உட்காரவைத்துக் கேட்டார். தெருத்தெருவாக ஒவ்வொரு குடும்பமும் அவர்களுக்கு அத்துப்படி. பிள்ளைகள் உள்ள வீடுகளைப் பற்றி அவர்கள் சொன்னதை வைத்துப் பிள்ளைகள் இல்லாத வீடுகளையும் பூத் ஊகித்துக்கொண்டார். பிறகு தெருக்களுக்கு வண்ணம் பூசினார். கறுப்பு, கரும் நீலம், வெளிர் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள். மஞ்சளில் வேலைக்காரர் வைத்திருக்கும் மேல்தட்டு. கறுப்பில் 'பாதிக் குற்றவாளிகள்' என்று அவர் தயங்காமல் எழுதிவைத்த ஜனங்கள். 1890களின் கடைசியில் வரைபடத்தைப் புதுப்பித்தபோது அவருடைய ஆட்கள் போலீஸ்காரர்களோடு தெருத்தெருவாக நடந்து குறிப்பெடுத்தார்கள். உடைந்த ஜன்னல், திறந்து கிடக்கும் கதவு, பிள்ளைகளின் காலில் செருப்பு உண்டா இல்லையா என்பதெல்லாம் ஆதாரம். அந்தக் குறிப்பேடுகள் இப்போது லண்டன் பொருளாதாரப் பள்ளியின் நூலகத்தில் இருக்கின்றன.

முடிவு, லண்டன்வாசிகளில் 30.7 சதவீதம் வறுமையில் இருந்தார்கள் என்பது. அன்றைக்கு அது அதிர்ச்சி தந்தது. அவருடைய வறுமைக் கோடு, நடுத்தர அளவுக் குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங். இன்று அந்தக் கோட்டை விமர்சிப்பது எளிது, அது அறவே தோராயமானது. ஆனால் பூத்திடம் ஒரு நேர்மை இருந்தது. தன் முறையில் பள்ளி வாரிய ஊழியர்களின் அபிப்பிராயம் கலந்திருப்பது அவருக்கே தெரியும். அதனால் இரண்டாம் சுற்றில் வேறொரு வழியில் சரிபார்த்தார். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்துக்கும் குறைவான அறைகள் உள்ள குடியிருப்புகளிடம் எத்தனை அறை என்று கேட்கப்பட்டது. ஓர் அறைக்கு எத்தனை பேர் என்ற கணக்கை எடுத்து, முதல் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். லண்டனில் ஏழையின் அடையாளம் சாப்பாட்டுத் தட்டில் தெரிவதைவிட அவன் வசிக்கும் அறையில் தெளிவாகத் தெரியும் என்பது அப்போதே அளவையில் நுழைந்துவிட்டது.

1901இல் சீபோம் ரவுண்ட்ரீ யார்க் நகரத்தை வைத்து வேறு மாதிரி செய்தார். உணவு, உடை, எரிபொருள் என்று குறைந்தபட்சத் தேவைகளைக் கூட்டினார், வாடகையை மட்டும் தனியே வைத்தார். ஐந்து பேர் குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ், அதில் வாடகை 4 ஷில்லிங். 1942இல் வில்லியம் பெவரிட்ஜ், சமூகக் காப்பீடு பற்றிய தன் புகழ்பெற்ற அறிக்கையில் மூன்று விசேஷப் பிரச்சினைகளில் ஒன்றாக வாடகையையே எடுத்துக்கொண்டார். மற்ற செலவுகளை நாடு முழுக்க ஒரே தொகையாக வைக்கலாம், ஆனால் வாடகை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு தாறுமாறாக மாறுகிறது, லண்டனில் எகிறுகிறது. அவரவர் வாடகையைக் கொடுப்பதா, சராசரி ஒன்றை வைத்துக்கொள்வதா? சராசரிப் பக்கம் சாய்ந்தார், வாரம் 10 ஷில்லிங். போருக்குப் பின் நடைமுறைக்கு வந்த தேசிய உதவித் திட்டமோ அவரவர் வாடகையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை. ஆக, இன்று நாம் பார்க்கும் சண்டைக்கு வயது எண்பதுக்கும் மேல்.

கோட்டுக்கு முன், கோட்டுக்குப் பின்

இப்போதைய அரசு முறை இதுதான். ஆண்டுதோறும் நாடு முழுக்க ஏறத்தாழ 20,000 குடும்பங்களிடம் வருமானம் பற்றி விரிவாகக் கேட்கிறார்கள். 1994-95 முதல் தொடர்ந்து இந்த ஆய்வை வைத்துத்தான் கணக்கு. வரி, தேசியக் காப்பீடு, கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வரி, ஓய்வூதியப் பிடித்தம் போனபிறகு கையில் வரும் தொகையைப் பெனிஃபிட்களோடு (அரசு உதவித்தொகைகளோடு) சேர்த்து எடுக்கிறார்கள். குடும்பத்தின் அளவுக்கு ஏற்ப அதைச் சரிக்கட்டுகிறார்கள். நாட்டிலுள்ள எல்லாரையும் வருமான வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரை 'ஒப்பீட்டு வறுமை'யில் இருப்பதாகக் கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கை இரண்டு தடவை செய்கிறார்கள். ஒன்று வீட்டுச் செலவு கழிப்பதற்கு முன், இன்னொன்று கழித்த பின். வீட்டுச் செலவு என்றால் வாடகை, தண்ணீர்க் கட்டணம், வீட்டுக் கடனின் வட்டி, கட்டடக் காப்பீடு, சர்வீஸ் சார்ஜ் போன்றவை. கடனின் அசல் இதில் சேராது, அது சேமிப்பு என்ற நினைப்பு. நியாயமான நினைப்புதான், ஆனால் மாதக் கடைசியில் அசலும் வங்கிக் கணக்கிலிருந்துதான் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். எளிமைக்காக, இந்த அளவுக் குடும்பத்துக்கு வீட்டுச் செலவுக்கு முந்தைய கோடு வாரம் 520 பவுண்டு என்றும், பிந்தைய கோடு 450 பவுண்டு என்றும் வைத்துக்கொள்வோம். லங்காஷயரின் பர்ன்லியில் இப்படியொரு குடும்பம், வருமானம் 600, வாடகை 130. முதல் கணக்கில் 600, கோட்டுக்கு மேல். இரண்டாவதில் 470, அப்போதும் கோட்டுக்கு மேல். இப்போது கிழக்கு லண்டனின் நியூஹாமில் இன்னொரு குடும்பம். சம்பளமும், வாடகைக்கான அரசு உதவியும் சேர்த்து 700. வாடகை 400. முதல் கணக்கில் 700. பர்ன்லிக் குடும்பத்தைவிட 100 பவுண்டு வசதி. இரண்டாவதில் 300, ஏழை.

இதில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விவகாரம் முழுவதிலும் முக்கியமான இடம் இது. நியூஹாம் வீட்டுக்காரர் வாடகையை 50 பவுண்டு உயர்த்துகிறார், அரசு உதவியும் அதே அளவு உயர்கிறது என்று வைப்போம். முதல் கணக்கில் அந்தக் குடும்பத்தின் வருமானம் 750. அதாவது வாடகை ஏறியதால் அவர்கள் 'வசதி'யாகிவிட்டார்கள்! வீடு அதே வீடு, சமையலறையில் ஒழுகும் குழாய் அதே குழாய். பணம் அரசிடமிருந்து வந்து வீட்டுக்காரருக்குப் போனது, வழியில் ஒரு நொடி குடும்பத்தின் பேரில் பதிவானது. இரண்டாவது கணக்கில் 300 அப்படியே நிற்கிறது.

நிஜத்தில் நடந்தது இதைவிட மோசம். தனியார் வாடகைக்கான உதவி 2011 முதல் அந்தந்த வட்டாரத்தின் மலிவான 30 சதவீத வீடுகளின் அளவோடு நின்றது, அதற்கு முன் பாதி வீடுகள் எட்டும்படி இருந்தது. 2016 முதல் 2020 வரை அந்தத் தொகையை முடக்கி வைத்தார்கள். 2020இல் சரிசெய்து, மறுபடி 2024 வரை முடக்கினார்கள். அப்போது அந்த 50 பவுண்டைக் குடும்பமே கட்டவேண்டும். முதல் கணக்கில் 700 மாறாமல் இருக்கும், இரண்டாவதில் 250 ஆகிவிடும். முதல் கணக்கை மட்டும் பார்க்கும் அமைச்சருக்கு எதுவுமே நடக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வாடகை முழுக்கத் தலைவிதி அல்ல, அதில் கொஞ்சம் விருப்பமும் இருக்கிறது என்பார்கள் சில பொருளாதார அறிஞர்கள். நகர நடுவில் நல்ல ஃபிளாட் வேண்டும் என்று வருமானத்தில் பாதியைக் கொடுக்கும் இளம் வக்கீலை ஏழை என்பதா? லண்டன்வாசிக்கு வேலை வாய்ப்பு, இலவச அருங்காட்சியகம், பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்து இதெல்லாம் கிடைக்கிறது, வாடகையில் அதன் விலையும் அடங்கியிருக்கிறது என்ற வாதம். தனி ஆளுக்கு இது பொருந்தலாம். நியூஹாமில் இரண்டு பிள்ளைகளோடு ஈரச் சுவர் வீட்டில் இருப்பவருக்குப் பொருந்தாது. அவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? அதற்கு நேரெதிராக, கிழக்கு லண்டனின் ஹாக்னியில் 1970களில் வாங்கிய வீட்டில் கடனில்லாமல் வாழும் ஓய்வூதியக்காரர் ஒருவர். வருமானம் குறைவு, முதல் கணக்கில் ஏழை. வாடகை இல்லாததால் இரண்டாவதில் ஏழை இல்லை. அவர் வீட்டின் விலையோ இரண்டு கணக்கிலுமே இல்லை.

வைட்சேப்பலில் ஒரு வாக்குறுதி

1999 மார்ச்சில் பிரதமர் டோனி பிளேர், ஒரு தலைமுறைக்குள் குழந்தை வறுமையை ஒழிப்பேன் என்று அறிவித்தார். அறிவித்த இடம் வைட்சேப்பலில் உள்ள டாய்ன்பி ஹால். 1884இல் தொடங்கிய சமூகசேவை இல்லம், பூத் ஆராய்ந்த கிழக்கு லண்டனின் நடுவில். இடத்தேர்வில் வரலாற்று உணர்வு இருந்தது.

அந்த வாக்குறுதி 2010இல் குழந்தை வறுமைச் சட்டமாக ஆனது. 2020க்குள் ஒப்பீட்டு வறுமையில் உள்ள குழந்தைகளின் விகிதத்தை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். எந்தக் கணக்குப்படி? வீட்டுச் செலவு கழிப்பதற்கு முன். ஆக, வாக்குறுதி கொடுத்த தெருவின் வாடகை, அந்த வாக்குறுதியை அளக்கும் கோலில் பதிவாகாது. வைட்சேப்பல் இருக்கும் டவர் ஹாம்லெட்ஸில், வாடகையைக் கழித்துப் பார்க்கும் மதிப்பீடுகள் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் வறுமையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. கழிக்காத பட்டியலில் அதே பரோ (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) எவ்வளவோ கீழே இறங்கிவிடும். சட்டத்தின் இலக்குகளை 2016இல் ரத்து செய்துவிட்டார்கள், அது வேறு கதை.

இந்தச் சட்டம் இருந்த காலத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2008 நெருக்கடிக்குப் பிறகு நாட்டின் நடுநிலை வருமானம் இறங்கியது. நடுவில் நிற்பவர் இறங்கினால் அவரை வைத்து வரையும் கோடும் இறங்கும். அதனால் 2010-11இல் ஒப்பீட்டு வறுமை குறைந்தது. ஏழைகளின் நிலை உயர்ந்ததால் அல்ல. ஒப்பீட்டு அளவையைக் கிண்டல் செய்கிறவர்கள் இன்றுவரை இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். கிண்டலில் உண்மை இருக்கிறது, ஆனால் அதற்காக அளவையைத் தூக்கி எறிவது அதிகம். சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட் 1979இல் வாதிட்டதுபோல, தான் வாழும் சமூகத்தில் எல்லாரும் சாதாரணமாகச் செய்வதைச் செய்ய முடியாமல் போவதும் வறுமைதான். லண்டனில் அந்தச் 'சாதாரணம்' ரொம்ப விலை உயர்ந்தது.

வாடகையைக் கழிக்காமல் யோசித்தால் கொள்கை எப்படி இருக்கும் என்பதற்கு 2013இல் வந்த பெனிஃபிட் உச்சவரம்பு நல்ல உதாரணம். வேலை இல்லாத ஒரு குடும்பத்துக்கு, வாடகை உதவி உட்பட எல்லாம் சேர்த்து வாரம் 500 பவுண்டுக்கு மேல் கிடையாது. நாடு முழுக்க ஒரே வரம்பு. உழைக்கும் குடும்பத்தின் சராசரி வருமானத்தைவிட உழைக்காதவருக்கு ஏன் அதிகம் என்ற கேள்வி செய்தித்தாளில் எடுபட்டது. ஆனால் வரம்பில் சிக்கிய குடும்பங்களில் ஆரம்ப ஆண்டுகளில் பாதிக்கு அருகில் லண்டன்காரர்கள். காரணம் அவர்கள் சொகுசு அல்ல, அவர்களுடைய வீட்டுக்காரர்களின் வாடகை. 2016இல் வரம்பை இரண்டாகப் பிரித்தார்கள். லண்டனுக்கு ஆண்டுக்கு 23,000, மற்ற இடங்களுக்கு 20,000. வித்தியாசம் வாரத்துக்கு 58 பவுண்டுகூட இல்லை. பர்ன்லி வாடகைக்கும் நியூஹாம் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 58 பவுண்டு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

பள்ளியில் இலவச மதிய உணவும் இதே ரகம். 2018இல் வந்த விதிப்படி, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையை வாங்கும் குடும்பத்தின் நிகர உழைப்பு வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குள் இருந்தால்தான் தகுதி. இங்கிலாந்து முழுக்க ஒரே கோடு. லண்டன் மேயர் 2023 செப்டம்பரிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்று அறிவித்ததற்கு இந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பங்கள் ஒரு காரணம்.

கேட்டுப் பார்த்துச் செய்யும் கணக்கு

கோடு போடுவதற்கு மாறாக, வாழ எவ்வளவு வேண்டும் என்று மக்களிடமே கேட்கும் முறை ஒன்று உண்டு. லஃப்பரோ பல்கலைக்கழகம் 2008 முதல் செய்துவரும் 'குறைந்தபட்ச வருமானத் தரம்' அது. சாதாரண மக்களைக் குழுவாக உட்காரவைத்து, மரியாதையாக வாழ என்ன வேண்டும் என்று சாமான் சாமானாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். லண்டனுக்கென்று தனியாகவும் செய்கிறார்கள். அங்கே கார் வேண்டாம், பேருந்தும் ரயிலும் போதும் என்று முடிவாகிறது. ஆனால் வாடகையும் குழந்தைப் பராமரிப்பும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடுகின்றன.

கூலி பற்றிய போராட்டத்தின் தர்க்கமும் இதுவே. 2001இல் கிழக்கு லண்டனின் தேவாலயங்கள், மசூதிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு, அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர்களுக்கு வாழப் போதுமான கூலி வேண்டும் என்று கிளம்பியது. 2005இல் லண்டன் மாநகர ஆணையம் அதற்கு ஒரு தொகை கணக்கிட்டது, மணிக்கு 6.70 பவுண்டு. 2025 அக்டோபரில் அறிவித்த தொகை லண்டனுக்கு 14.80, மற்ற இடங்களுக்கு 13.45. இது முதலாளிகள் விரும்பிக் கொடுக்கும் தொகை. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கு லண்டன் என்றோ பர்ன்லி என்றோ பேதம் கிடையாது, 2025 ஏப்ரலில் அது 12.21ஆக இருந்தது. லண்டனில் வறுமையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் வேலைக்குப் போகும் குடும்பத்தில் இருக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு வெளியே

சரி, வாடகையைக் கழித்துவிட்டோம். அப்புறமும் எல்லாரும் கணக்கில் வந்துவிடுகிறார்களா? இல்லை. அரசு ஆய்வு தனி வீடுகளில் இருப்பவர்களை மட்டுமே கேட்கிறது. தெருவில் உறங்குகிறவர், ஹாஸ்டலில் இருப்பவர், கவுன்சில் ஹோட்டல் அறையில் தங்கவைத்த குடும்பம் இவர்களுக்குக் கேள்வித்தாள் போகாது. 2024-25இல் லண்டன் தெருக்களில் படுத்திருந்ததாகக் களப்பணியாளர்கள் பதிவு செய்தவர்கள் 13,231 பேர். அதற்கு முந்தைய ஆண்டு 11,993. கவுன்சில் ஏற்பாட்டில் தற்காலிக இருப்பிடங்களில் வாழ்பவர்கள், ஏறக்குறைய 50 லண்டன்வாசிகளுக்கு ஒருவர் என்கிறது பரோக்களின் கூட்டமைப்பு. நகரத்தின் மிக ஏழையான அடுக்கில் ஒரு பங்கு, நகரத்தின் வறுமைக் கணக்கில் இல்லை.

பகிர்ந்து வாழும் வீடுகள் இன்னொரு சிக்கல். ஈஸ்ட் ஹாமிலோ மேனர் பார்க்கிலோ வாழும் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹாலும் ஒரு படுக்கையறையாகி, அறைக்கு இரண்டு பேர், எல்லாருக்கும் ஒரே அடுப்பு. சமையலறையும் ஹாலும் பொதுவாக இருந்தால் அத்தனை பேரும் ஒரே குடும்பமாகக் கருதப்படுவார்கள். ஒரே குடும்பம் என்றால் எல்லாருடைய வருமானமும் ஒரே உண்டியலில் விழுந்து சமமாகப் பங்கு போடப்படுகிறது என்று கணக்கு. உணவகத்தில் வேலை பார்ப்பவரும் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தால், முன்னவர் காகிதத்தில் ஏழை இல்லை. ஹால் படுக்கையறையாகிவிட்டால் ஒவ்வொரு அறையும் தனிக் குடும்பமாகிவிடலாம், அப்போது அவர் மறுபடி ஏழை. சம்பளம் மாறவில்லை, ஒரு சோபா வெளியே போனது, அவ்வளவுதான். கணவன் மனைவிக்கும் இதே சமபங்கு அனுமானம்தான். வீட்டுப் பணம் யார் கையில் இருக்கிறது என்பதை ஆய்வு கேட்பதில்லை. ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணமும் கழிக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவின் மருந்துச் செலவு, அரசுக் கணக்கில் லண்டன் மகனின் சொந்தச் செலவு.

இந்தக் குறைகளில் சிலவற்றைச் சரிசெய்ய 2016இல் சமூக அளவீட்டு ஆணையம் என்றொரு சுயேச்சைக் குழு கூடியது. பரோனஸ் பிலிப்பா ஸ்ட்ரவுட் தலைமை. 2018 அறிக்கையில் வீட்டுச் செலவோடு குழந்தைப் பராமரிப்பையும், மாற்றுத்திறன் காரணமாக ஏற்படும் கூடுதல் செலவையும் கழித்தார்கள். கையிருப்புச் சேமிப்பைக் கூட்டினார்கள். பிரிட்டனில் 1 கோடியே 42 லட்சம் பேர் ஏழைகள் என்று வந்தது. வலதும் இடதும் சேர்ந்து உட்கார்ந்த குழுவே வீட்டுச் செலவைக் கழிக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

மேல்முனையில் இருப்பவர்கள் இன்னும் நன்றாக மறைந்துகொள்கிறார்கள். கோடீஸ்வரர் கதவைத் தட்டி உங்கள் வருமானம் என்ன என்று கேட்டால் பதில் வராது. அதனால் மிகப் பெரிய வருமானங்களுக்கு மட்டும் ஆய்வு எண்ணை எடுத்துவிட்டு வரித்துறை எண்ணை ஒட்டுகிறார்கள். அதுவும் வரித்துறைக்குத் தெரிந்த வருமானத்துக்குத்தான். வெளிநாட்டு நிறுவனத்தின் பேரில் இருக்கும் மேஃபேர் மாளிகை யாருடைய வருமானத்திலும் தெரியாது. வறுமைக்கு நாம் வைத்திருக்கும் அளவைகள் குறையுள்ளவை என்றால், லண்டனின் ஏற்றத்தாழ்வுக்கு இருப்பவை பாதிக் குருடு.

ஒரே பரோ, ஒரே சராசரி

கென்சிங்டன் அண்ட் செல்சீயை எடுத்துக்கொள்வோம். வீட்டு விலையில் நாட்டின் உச்சம். அதன் வடக்கு முனையில் நாட்டிங் டேல். பூத்தின் காலத்திலேயே அவப்பெயர் எடுத்த இடம்; செங்கல் சூளையும் பன்றித் தொழுவமுமாக இருந்து, அவர் வரைபடத்தில் மேற்கு லண்டனின் கறுப்புத் திட்டுகளில் ஒன்றாக விழுந்தது. 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்த கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றதும் நாட்டிங் டேலில்தான். பரோவின் சராசரி வருமானம் என்று ஓர் எண்ணைச் சொன்னால் அது இந்த இரண்டு முனைகளில் யாருக்கும் உரியதல்ல.

பரோ அளவில் வறுமையை நேரடியாக அளக்கவும் முடியாது. நாட்டுக்கே 20,000 குடும்பங்கள் என்றால் ஒரு பரோவுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே தேறும். லண்டன் முழுமைக்குமே மூன்று ஆண்டுச் சராசரி எடுக்கவேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவது 'பல்முனைப் பின்தங்கல் குறியீடு'. இங்கிலாந்தைச் சராசரியாக 1,500 பேர் வாழும் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீட்டுவசதி, சுற்றுச்சூழல் என்று ஏழு துறைகளில் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். வருமானத்துக்கும் வேலைக்கும் தலா 22.5 சதவீத எடை. யார் வைத்தது, ஏன் 22.5 என்று கேட்டால் நீண்ட பதில் உண்டு, விட்டுவிடலாம்.

மிகவும் பின்தங்கிய இடம் முதலில் வரும் இந்தப் பட்டியலில், 2007இல் முதலில் நின்ற லிவர்பூலுக்கு அடுத்து ஹாக்னி, அதற்கடுத்து டவர் ஹாம்லெட்ஸ். 2019இல் இரண்டும் வெகுதூரம் கீழே போய்விட்டன. பிளாக்பூல் போன்ற கடலோர ஊர்களும் வடக்கு நகரங்களும் மேலே வந்தன. ஹாக்னி ஏழைகள் வசதியாகிவிட்டார்களா? சிலருக்கு நல்ல பள்ளியும் வேலையும் கிடைத்தது உண்மை, லண்டன் பள்ளிகளின் முன்னேற்றம் சாதாரணமானதல்ல. கூடவே சம்பளக்காரர்கள் குடியேறினார்கள், வாடகை தாளாதவர்கள் வெளி லண்டனுக்கு நகர்ந்தார்கள், கவுன்சிலே சில குடும்பங்களை வேறு பரோவில் தங்கவைத்தது. இடத்தை அளக்கும் குறியீட்டுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். ஏழை வெளியேறினாலும் வட்டாரம் முன்னேறியதாகவே பதிவாகும். எண்ணிக்கையில் இன்று உள் லண்டனைவிட வெளி லண்டனில்தான் ஏழைகள் அதிகம்.

2025 அக்டோபரில் அடுத்த பட்டியல் வந்தது. அதில் ஒரு மாற்றம், வருமானத் துறையை வீட்டுச் செலவு கழித்த பிறகு பார்க்கத் தொடங்கினார்கள். லண்டன் பரோக்கள் பல மறுபடி மேலே ஏறின, குழந்தைகளுக்கான துணைப்பட்டியலில் இன்னும் தெளிவாக. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்தத் தெருக்களில் திடீர் வீழ்ச்சி எதுவும் நடந்துவிடவில்லை. கழித்தல் குறி ஒன்று இடம் மாறியது.

உடனே புகார்களும் வந்தன. கவுன்சில்களுக்கு நிதி பிரிக்கும் சூத்திரங்களில் இந்தக் குறியீடு நுழைகிறது, லண்டன் ஏறினால் வேறு யாரோ இறங்க வேண்டும். வடக்கு நகரக் கவுன்சிலர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி எளிது: எங்கள் ஊரில் வாடகை குறைவு, ஏனென்றால் இங்கே வேலையே இல்லை, மலிவான வாடகையை வசதி என்று எண்ணுவது என்ன நியாயம்? இந்தக் கேள்விக்கு வருமானத் துறைக்குள் பதில் கிடையாது. வேலை, உடல்நலத் துறைகளின் எடையில்தான் கிடைக்க வேண்டும், அந்த எடைகளை யாரும் இந்தச் சுற்றில் பெரிதாகத் தொடவில்லை. லண்டனுக்கு நியாயம் செய்த அதே திருத்தம் பிளாக்பூல் போன்ற ஊரைக் கொஞ்சம் கீழே தள்ளக்கூடியது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டு, எதை வைத்துப் பணம் பிரித்தோம் என்று அமைச்சகம் வெளிப்படையாகச் சொன்னால், சண்டை குறையாது. ஆனால் எதைப் பற்றிய சண்டை என்பதாவது இரண்டு ஊருக்கும் தெரியும்.